பொருள்: வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்தது தொடர்பாக

செஞ்சி,
21.04.2025

அனுப்புநர்: கோ. இளையபெருமாள், ஓய்வுபெற்ற எழுத்தர், செஞ்சி.
பெறுநர்: இ. அறிவுமதி, பி.இ., கணினிப் பாதுகாப்புப் பிரிவு, புனே.
பொருள்: வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்தது – எழுத்துமூலம் ஆலோசனை கோருதல் – தொடர்பாக.
பார்வை: 17.04.2025 மாலை தொலைபேசியில் தாங்கள் பேசிய பேச்சு.

ஐயா,

பார்வையில் கண்ட பேச்சில் தாங்கள், "உனக்கெல்லாம் எதுக்கு நைனா கம்ப்யூட்டர்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்தீர்கள். மறுநாள் தங்கள் தாயார் தைலம்மாள் இதுபற்றிக் கேட்டபோது அப்படிச் சொல்லவே இல்லை என்றீர்கள். வாயால் பேசியதற்கு ஆதாரம் கிடையாது. பெற்ற மகனாக இருந்தாலும் இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மேலும், "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ்" என்று நாளொன்றுக்கு முப்பது அழைப்பு வருவதால், 19ஆம் தேதி முதல் வீட்டு செல்போன் அணைக்கப்பட்டு பீரோவில் வைக்கப்பட்டுள்ளது. சாவி என் இடுப்பில்.

விவரம் வருமாறு. பத்து நாட்களாகக் கணினித் திரையின் வலது மூலையில் எச்சரிக்கை அறிவிப்புகள் வருகின்றன. நாளது தேதி வரை 14 அறிவிப்புகள் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளன. முப்பத்துநான்கு வருட சர்வீஸில் எந்த நோட்டீசையும் பதில் போடாமல் நான் மூடியது கிடையாது. எனவே பதினான்குக்கும் அவர்கள் கேட்ட படிவம் பூர்த்தி செய்து அனுப்பப்பட்டது. அதன்பிறகு அறிவிப்புகள் அதிகமாயின.

எனக்கெல்லாம் எதற்குக் கணினி என்று கேட்டதால் எழுதுகிறேன். நம் காலனியின் 41 குடும்பங்களுக்கும் மனைப்பட்டா கேட்கும் மனுக்கள் அதில்தான் இருக்கின்றன. முப்பது வருடமாக வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம், வீடு நிற்கிற மண் மட்டும் நம் பேரில் இல்லை. 20.05.2025 செவ்வாய்க்கிழமை தாலுக்கா ஆபீஸ் ஜமாபந்தியில் நம் ஊருக்கு முறை. கிராமக் கணக்கெல்லாம் மேசைக்கு வந்து, மேலதிகாரி நேரில் உட்கார்ந்து மனு வாங்குவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அதை விட்டால் அடுத்த வருஷம். 41 வீட்டுக்காரர்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆவன செய்ய வேண்டுகிறேன்.

கோ. இளையபெருமாள்


புனே,
25.04.2025

நைனா,

உன் லெட்டர் ஆபீசுக்கு வந்துச்சு. என் பேருக்குக் கீழ 'கணினிப் பாதுகாப்புப் பிரிவு'ன்னு நீ போட்டிருந்ததால, அது ஏதோ மிரட்டல் கடிதம்னு நினைச்சு வாசல் செக்யூரிட்டி பிரிச்சான். மேனேஜர்கிட்ட கொடுத்தான். அவர் தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு, நடு ஆபீஸ்ல நிக்கவெச்சுப் படிக்கச் சொன்னார். 'உனக்கெல்லாம் எதுக்கு நைனா கம்ப்யூட்டர்'ங்கிற வரி இப்ப எங்க மாடியில எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு மராத்திக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நைனா"ங்கிறான். இனிமே ரூம் அட்ரசுக்கு அனுப்பு. கீழ எழுதியிருக்கேன்.

விஷயத்துக்கு வர்றேன். அது நோட்டீஸ் இல்ல. நோட்டீசே இல்ல. எந்த வெப்சைட்டோ 'அறிவிப்பு அனுப்பலாமா'ன்னு கேட்டிருக்கும், நீ 'அனுமதி'யை அழுத்தியிருப்ப. அதுலேர்ந்து அவன் விளம்பரமா அனுப்பிக்கினு இருக்கான். தெருவுல ஒருத்தன், "உங்க வீட்டுல பாம்பு இருக்குது, தொறங்க"ன்னு கத்துறான், அவன் கூடையிலதான் பாம்பு இருக்குது. நீ கதவைத் தொறந்து, உட்கார நாற்காலி போட்டு, படிவமும் பூர்த்தி பண்ணிக் குடுத்திருக்க.

பதினாலு படிவத்துலயும் இன்னா எழுதின? பேங்க் அக்கவுன்ட்? ஆதார்? ஓ.டி.பி.? ஒண்ணு விடாம எழுது.

செலவு பைசா கிடையாது, பயப்படாதே. ப்ரவுசர்ல செட்டிங்ஸ்க்குப் போ, நோட்டிஃபிகேஷன்னு ஒரு இடம் இருக்கும், நீ அனுமதி குடுத்த பேரெல்லாம் அங்க வரிசையா நிக்கும். அத்தனையும் நீக்கு. ஆன்டிவைரஸ்னு எதையும் காசு குடுத்து வாங்காதே. விண்டோஸ் கூடவே டிஃபெண்டர்னு ஒரு காவல்காரன் வர்றான், வீட்டுக்கு அவன் போதும். அப்டேட் கேட்டா 'பிறகு'ன்னு தள்ளிவிடாம போட விடு. பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை போட்டிருக்கிற விமல்ராஜ் வந்து "நான் பார்த்துத் தர்றேன் சார்"னு சொன்னா வாசலோட அனுப்பிடு. என்கூடப் படிச்சவன். அவனுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியும்.

பீரோவைத் தொறந்து போனை எடு நைனா. இங்க எண்ணூறு கம்ப்யூட்டருக்கு நான்தான் வைரஸ் பார்க்குறேன். அப்பன் கம்ப்யூட்டருக்கு ஸ்பீட் போஸ்ட்ல வைத்தியம் பார்க்குற ஒரே இன்ஜினியர் இந்தியாவுலயே நான்தான்.

மதி


செஞ்சி,
29.04.2025

பார்வை: தேதியைத் தவிர வேறெதுவும் உரிய இடத்தில் இல்லாத தங்களின் 25.04.2025 நாளிட்ட கடிதம்.

ஐயா,

பத்திவாரியான பதில் வருமாறு.

அனுமதி கொடுத்தது உண்மை. பழைய அரசாணை நகல் ஒன்றைத் தேடும்போது கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டதால் கொடுத்தேன். தாங்கள் சொன்ன இடத்தில் பார்த்ததில் மூன்று பேர்கள் இருந்தன. மூன்றும் நீக்கப்பட்டன. மூலையில் இப்போது அமைதி.

படிவங்களைப் பொறுத்தவரை, வங்கிக் கணக்கு எண் என்ற கட்டத்தில் பதினான்கிலும் 'பொருந்தாது' என்று எழுதினேன். ஆதார் கட்டத்தில் 'நேரில் காண்பிக்கப்படும்'. ஓ.டி.பி. கட்டத்தில் 'வந்தவுடன் தெரிவிக்கப்படும்'. தொலைபேசி எண் மட்டும் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. 'தங்கள் புகார்' என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. எந்தத் துறை என்று தெரியாததால், காலனியில் இரண்டு மாதமாகத் தெருவிளக்கு எரியாததையும் அதில் சேர்த்துவிட்டேன்.

விமல்ராஜ் தானாகவே வந்தான். வாழ்நாள் பாதுகாப்பு என்று ஒரு டப்பாவைக் காட்டினான். யாருடைய வாழ்நாள் என்றேன். "கம்ப்யூட்டரோடது சார்" என்றான். அதற்கு வாழ்நாள் எத்தனை என்றேன். "வைரஸ் வராத வரைக்கும் சார்" என்றான். வாசலோடு அனுப்பிவிட்டேன். போகும்போது திரையை எட்டிப்பார்த்து, "உள்ள ஏதோ ஆஃப்ல இருக்கிற மாதிரி இருக்குது சார், மதிகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பொருட்படுத்தவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். 27ஆம் தேதி, மனுக்களை அச்செடுக்க பென் டிரைவில் போட்டு ஒரு பிரவுசிங் சென்டருக்கு எடுத்துச் சென்றேன். அங்கே சொருகியதுமே கரண்ட் போய்விட்டது, திரும்பிவிட்டேன். வீட்டில் சொருகிப் பார்த்தால் ஒவ்வொரு கோப்புறையின் மேலும் ஒரு சின்ன அம்புக்குறி. சொடுக்கினால் திறக்கவில்லை. 41 குடும்பமும் அம்போடு நிற்கிறது.

கணினியில் அசல் இருக்குமே என்று கேட்பீர்கள். இல்லை. 'கட்' செய்துதான் பென் டிரைவுக்கு மாற்றினேன். ஒரே கோப்பு இரண்டு மேசையில் இருந்தால் எது நடப்புக் கோப்பு என்ற குழப்பம் வரும் என்பது நாங்கள் பயின்ற பாடம்.

தங்கள் தாயார் சொல்வது, அவர் வாய்மொழியாகவே: "ஒரு போன் பண்ணா அஞ்சு நிமிசத்துல முடியுற வேலைக்கு, அப்பனும் புள்ளையும் லெட்டர் போட்டுக்கினு கெடக்குறீங்களே, இன்னா ஜென்மங்கடா நீங்க." தகவலுக்காகச் சேர்க்கப்படுகிறது.

41 மனுக்களும் உயிரோடு உள்ளனவா, இல்லையா? எழுத்தில் தெரிவிக்கவும்.

கோ. இளையபெருமாள்


புனே,
03.05.2025

நைனா,

காப்பி! கட் இல்ல, காப்பி! நாற்பத்தோரு குடும்பத்தோட மனுவை ஒரு கட்டைவிரல் சைஸ் பிளாஸ்டிக்ல போட்டு சட்டைப்பையில வெச்சுக்கினு ஊரைச் சுத்தியிருக்க. ஆபீஸ்ல நீங்கல்லாம் ஆபீஸ் காப்பின்னு ஒண்ணு ஃபைல்ல வெப்பீங்களே, எதுக்கு? அழகுக்கா? அதேதான் இதுவும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, உன் மெயிலுக்கே நீ அனுப்பிக்கிட்டது ஒண்ணு. மூணுக்கும் செலவு இல்ல.

இப்ப கவனமா படி. அந்த அம்பு போட்டதெல்லாம் டூப்பு. அசல் மனு பெரும்பாலும் அதுக்குள்ளயேதான் இருக்குது. இந்த ஜாதி வைரஸ் ஃபைலை அழிக்காது. கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சுவெச்சுட்டு, அதே பேர்ல ஒரு டூப்பை வாசல்ல நிறுத்திடும். டூப்பைச் சொடுக்குற ஒவ்வொரு தடவையும் வைரஸ் ஓடும். எத்தனை தடவை சொடுக்கின? உன் பதிவேட்டுல இருக்கும்னு தெரியும். சொல்லாதே, எனக்கு பி.பி. ஏறும்.

எதையும் அழிக்காதே. ஃபார்மட் பண்ணாதே. முதல்ல பென் டிரைவைப் பிடுங்கி வை. 'விண்டோஸ் செக்யூரிட்டி'ன்னு டைப் பண்ணித் தொற. அதுல 'ஆஃப்லைன் ஸ்கேன்'னு இருக்கும், அழுத்து. கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு எழுந்து தேடும். கால்மணி நேரம் ஆகும், பக்கத்துல உட்கார்ந்து முறைச்சாலும் சீக்கிரம் முடியாது. அப்புறம் பென் டிரைவைச் சொருவி, தொறக்காம, அதையும் ஸ்கேன் பண்ணு. எல்லாம் முடிஞ்சப்புறம், கூட வெச்சிருக்கிற தனித்தாள்ல பெரிய எழுத்துல ஒரு வரி எழுதியிருக்கேன் பாரு, அதைக் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல்ல அப்படியே அடி. ஒளிஞ்சதெல்லாம் வெளிய வரும். நடுவுல எனக்கு விளக்கம் கேட்டு லெட்டர் போடாதே.

இன்னொண்ணு. டிஃபெண்டர் இருந்தும் இது எப்படி உள்ள வந்துச்சுன்னு எனக்குப் புரியலை. விமல்ராஜ் எப்பவாவது உன் கம்ப்யூட்டர்ல கை வெச்சானா? அந்த செக்யூரிட்டி பக்கத்துலயே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'னு ஒரு லிஸ்ட் இருக்கும். 'இந்த இடத்துல தேடாதே'ன்னு காவல்காரனுக்கு எவனாவது உத்தரவு போட்டிருந்தா அங்க தெரியும். அதுல இருக்கிறதை அப்படியே எழுதி அனுப்பு. எவன் வேலைன்னு கண்டுபிடிச்சு நாறடிக்கிறேன்.

இனிமே கடைக்குப் பென் டிரைவ் எடுத்துக்கினு போகாதே. பி.டி.எஃப். ஆக்கி கடைக்காரனுக்கு மெயில் பண்ணு, அவனே பிரிண்ட் போட்டு வைப்பான்.

பொங்கலுக்கு வந்தப்பவே இதையெல்லாம் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?

மதி


செஞ்சி,
07.05.2025

பார்வை: தங்களின் 03.05.2025 நாளிட்ட கடிதமும் இணைப்புத் தாளும்.

ஐயா,

தங்கள் உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டன.

ஸ்கேன் நடக்கும்போது புழுக்கத்துக்காக ஜன்னலைத் திறந்துவைத்தேன். கோட்டை மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று மவுஸை வயரோடு பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டது. தங்கள் தாயார் இரண்டு வாழைப்பழம் கொடுத்து மீட்டார். இது வைரஸ் பதிவேட்டில் 'இதர சேதம்' என்ற தலைப்பில் ஏற்றப்பட்டுள்ளது.

ஸ்கேனில் ஒன்பது வைரஸ்கள் பிடிபட்டன. ஒன்பதின் பேர்களும் எழுதிவைக்கப்பட்டுள்ளன. பிறகு தனித்தாளில் கண்ட வரி அடிக்கப்பட்டது. முதல் இரண்டு தடவை பலிக்கவில்லை. தங்கள் கையெழுத்தில் இடைவெளி எது, பேனா வழுக்கியது எது என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை, கண்ணெதிரே ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்றது. தேவேந்திரன் வீடு, எழிலரசன் வீடு, கோவிந்தசாமி வீடு என்று வாய்விட்டே படித்தேன். தங்கள் தாயார் அடுப்படியிலிருந்து, "யாருய்யா இத்தினி பேரு வந்திருக்காங்க, டீ போடணுமா?" என்று கேட்டார்.

மொத்தம் 40 மனுக்கள் மீண்டன. ஒன்று மீளவில்லை. வரிசை எண் 17. அது நம் வீட்டு மனு.

அடுத்து, தாங்கள் கேட்ட எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல். அதில் ஒரே ஒரு பதிவு உள்ளது. 'டி' டிரைவ் முழுவதும் தேடப்படக் கூடாது என்று உத்தரவு. அதோடு, நேரடிப் பாதுகாப்பு என்ற பொத்தானும் அணைக்கப்பட்டிருந்தது. தாங்கள் சொன்ன காவல்காரன் கட்டிலில் படுத்திருந்தான்.

விமல்ராஜ் இந்தக் கணினியைத் தொட்டதே இல்லை. ஆகவே நானே விசாரித்தேன். அந்த 'டி' டிரைவில் தமிழ் தட்டச்சு மென்பொருள் இருக்கும் கோப்புறை உள்ளது. அதற்குள் 'கிராக்' என்ற பேரில் இன்னொன்று. வலது சொடுக்கில் அதன் தேதி பார்த்தேன். 16.01.2025, மாலை 4.12.

என் நாட்குறிப்பில் அதே தேதி: "காணும் பொங்கல். மாலை 4 முதல் 4.40 வரை மகன் மதி கணினியில் மென்பொருள் பதித்தான். டீ இரண்டு முறை. 5.15 பஸ்ஸுக்குக் கிளம்பினான்."

இதன்பேரில் தங்கள் விளக்கம் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் கோரப்படுகிறது.

கோ. இளையபெருமாள்


புனே,
10.05.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நலமா? அம்மா நலமா? வெயில் எப்படி? மோர் குடிக்கிறியா? இங்க கொஞ்சம் மழை.

நாற்பது மனு வந்துடுச்சுன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம். நல்லா பண்ணியிருக்க. உண்மையாவே நல்லா பண்ணியிருக்க. மூணாவது தடவையிலயே கட்டளையைச் சரியா அடிக்கிறது எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கே வராது.

இப்ப அந்த நேரடிப் பாதுகாப்புப் பொத்தானை ஆன் பண்ணிடு. எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ல இருக்கிறதை நீக்கிடு. அந்தத் தட்டச்சு மென்பொருளையும் எடுத்துடலாம். விண்டோஸ்லயே தமிழ் கீபோர்டு இருக்குது, இலவசம். லெட்டர் அடிக்கிற மென்பொருளும் இலவசமா நல்லதா கிடைக்குது, பேரும் டவுன்லோடு பண்ற இடமும் தனித்தாள்ல எழுதியிருக்கேன். இந்தத் தடவை கையெழுத்து அழகா இருக்கும். அதுக்கப்புறம் இன்னொரு தடவை முழு ஸ்கேன்.

பொதுவா இந்த மாதிரி விஷயங்கள்ல யாரு, எப்ப, என்ன பண்ணாங்கன்னு உறுதியா சொல்றது கஷ்டம். தொழில்நுட்பத்துல நிறைய காரணம் சேர்ந்துதான் ஒரு விளைவு வரும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அன்புடன்,
மதி


செஞ்சி,
13.05.2025

நினைவூட்டல் – 1

பார்வை: (1) 07.05.2025 நாளிட்ட எனது கடிதம். (2) 10.05.2025 நாளிட்ட தங்களின் கடிதம்.

ஐயா,

பார்வை (1)இல் கோரிய விளக்கம் பார்வை (2)இல் காணப்படவில்லை. மோர் குடிக்கிறேன்.

பொத்தான் போடப்பட்டது. பட்டியல் காலி. பழைய மென்பொருள் நீக்கப்பட்டு, புதியது பதிக்கப்பட்டது. முழு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. 40 மனுக்களும் பி.டி.எஃப். ஆக்கி மெயிலில் அனுப்பி அச்செடுத்தாயிற்று. மூன்று இடத்தில் நகல் உள்ளது. நான்காவதாக ஒன்று காகிதத்தில், என் தலையணைக்கடியில். இதற்குத் தாங்கள் ஆலோசனை சொல்லவில்லை, நானாகச் செய்தது.

தங்கள் கடிதத்தைத் தாயாரிடம் படித்துக் காட்டினேன். "மரியாதையா எழுதியிருக்கானே, புள்ளைக்கு உடம்புக்கு இன்னா?" என்று கவலைப்படுகிறார். தெரிவிக்கவும்.

கோ. இளையபெருமாள்


புனே,
16.05.2025

நைனா,

உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு அம்மாகிட்டச் சொல்லு.

நான்தான். அன்னிக்கு அந்தத் தட்டச்சு மென்பொருளைக் காசு குடுக்காம எங்கேயோ இருந்து இறக்கினேன். பூட்டை உடைக்கிற கிராக் கூடவே வந்துச்சு. அதை ஓட்டணும்னா ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைச்சேன். 'இங்க தேடாதே'ன்னு டிரைவ் மொத்தத்துக்கும் உத்தரவும் போட்டேன். முடிஞ்சதும் மறுபடி போடணும்னுதான் இருந்தேன். அம்மா ரெண்டாவது டீ குடுத்துச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழுந்து வந்துட்டேன். நாலு மாசமா காவல்காரன் இல்லாத வீட்டுல நீ உட்கார்ந்து டைப் அடிச்சிருக்க. அந்தக் கடையிலேர்ந்து வந்த வைரஸ் வேற எந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் வாசல்லயே மாட்டியிருக்கும்.

இதே வேலையைப் பண்ணினான்னு போன மாசம்தான் எங்க ஆபீஸ்ல ஒருத்தன் மேல ரிப்போர்ட் எழுதினேன். ரெண்டு பக்கம். 'பொறுப்பற்ற செயல்'னு மூணு இடத்துல போட்டிருக்கேன். படிச்சுப் பார்த்தேன், எனக்கே எழுதின மாதிரி இருக்குது.

நீ வைரஸ்னு போன் பண்ணினப்ப எதுக்குக் கத்தினேன்னு யோசிச்சுப் பார்த்தேன். உன்மேல கோபம் இல்ல நைனா. எங்கேயோ உள்ளுக்குள்ள அந்தப் பொத்தான் ஞாபகம் வந்திருக்கணும். அதை யாரும் கேட்குறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

இதுல மோசமானது அதுகூட இல்ல. காசு குடுத்து வாங்கியிருக்கலாம், இலவசமா நல்லதையாவது தேடியிருக்கலாம். அரைமணி நேரம் கூட ஆகியிருக்கும். 'நைனாதானே, நாலு லெட்டர் அடிக்கப்போவுது, இது போதும்'னு நினைச்சேன். நீ நாற்பத்தோரு வீட்டைக் கட்டிச் சுமந்துக்கினு இருந்தது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்ல.

'உனக்கெல்லாம் எதுக்கு நைனா கம்ப்யூட்டர்' - நான் சொன்னேன். போன மாசம் 17ஆம் தேதி சாயங்காலம் சொன்னேன். மறுநாள் இல்லன்னு அம்மாகிட்டப் பொய் சொன்னேன். எழுத்துல குடுத்துட்டேன். ஃபைல்ல வெச்சுக்கோ.

விமல்ராஜ் எட்டிப் பார்த்த அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சதை நான் ரெண்டு வாரம் லெட்டர் போட்டுக் கண்டுபிடிச்சிருக்கேன். அவன் டப்பாவை வாங்காதே. ஆனா அவனைக் கூப்பிட்டு ஒரு டீ குடு.

பதினேழாம் நம்பர் மனுவை நினைச்சா சோறு எறங்கலை. எல்லார் வீட்டுதும் வந்து நம்ம வீட்டுது மட்டும் போச்சுன்னா, அது என் கையால போனது. செவ்வாய்க்கிழமைக்குள்ள மறுபடி எழுத முடியுமா? ஏதாவது ஒரு வழி பண்ணு. லீவு கேட்டேன். தரலை.

மன்னிச்சுக்கோ நைனா.

மதி


செஞ்சி,
22.05.2025

பார்வை: தங்களின் 16.05.2025 நாளிட்ட விளக்கக் கடிதம்.

ஐயா,

விளக்கம் 19ஆம் தேதி பிற்பகல் கிடைத்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. கோப்பில் வைக்கச் சொன்னீர்கள். வைக்கவில்லை. சட்டைப்பையில் உள்ளது.

20ஆம் தேதி காலை எட்டு மணிக்கே காலனி மொத்தமும் தாலுக்கா ஆபீஸில். பந்தல் போட்டிருந்தார்கள், நிழல் மட்டும் பந்தலுக்கு வெளியில் விழுந்தது. ஒவ்வொரு குடும்பமும் அவரவர் மனுவை அவரவர் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது. கோவிந்தசாமியின் சம்சாரம் மனுவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எங்க பேரு இதுல எங்கண்ணா இருக்குது?" என்று கேட்டாள். திருப்பிக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தவள் மேசை வரும்வரை எடுக்கவில்லை. 40 மனுவும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

17ஆம் எண் மனுவை வீட்டில் எழுதவில்லை. மற்ற நாற்பதையும் சரிபார்ப்பதிலேயே நேரம் போயிற்று. வரிசையில் நின்றபடி, எழிலரசன் முதுகில் தாளை வைத்துக் கையாலேயே எழுதினேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்ததால் எழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும்.

இங்கே ஒரு சிக்கல்.

எல்லா மனுவிலும் குடும்ப உறுப்பினர் பட்டியல் ஒன்று இணைத்திருக்கிறேன். பேர், வயது, உறவு, கடைசியாக 'உடன் வசிக்கிறாரா: ஆம் / இல்லை'. இந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் கேட்கவில்லை. பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. நாற்பது வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பேருக்கும் இதைக் கேட்டு எழுதினேன். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போன பிள்ளைகளுக்கெல்லாம் 'இல்லை'. எழுதும்போது அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

எழிலரசன் முதுகில் வைத்து எழுதும்போது, மகன், அறிவுமதி, வயது 27 என்று வந்தது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "இன்னா பெருசு, பரீட்சையா எழுதுற?" என்றார். 'ஆம்' என்று எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டு, முத்திரையும் விழுந்துவிட்டது.

பீரோ சாவியை நேற்று தங்கள் தாயாரிடம் கொடுத்தேன். போனைப் போட்டதும் முதல் அழைப்பே கம்பெனியிலிருந்து. "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது" என்றான். எழுத்தில் கொடு என்றேன். வைத்துவிட்டான். தங்களுக்கும் போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை எண்ணைப் போட்டேன். வாயால் சொல்ல வரவில்லை.

மனுக்களை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலனிக்கு நேரில் வருகிறார். வீடு வீடாகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைப் பார்ப்பாராம். முப்பத்துநான்கு வருடத்தில் அரசாங்கத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்தவன் இல்லை நான். அன்னிக்கு நீ வீட்டுல இல்லன்னா நான் மாட்டிக்குவேன்டா மதி. லீவு தரலன்னா எங்கப்பன் மாட்டிக்குவான்னு எழுதிக்குடு.

வாடா.

நைனா